வாரத்துக்கு ஒண்ணு: கீமோ மருந்துல கணக்கு தப்பினா என்ன ஆகும்? ஒரு சின்ன வரலாறு

1/
ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை. வாரத்துல ஒரே ஒரு நாள் போட்டா, மூட்டுவாதத்துல மடங்கிப்போன விரலை மறுபடி நீட்ட வைக்கும். அதே மாத்திரையைத் தினமும் போட்டா, சில நாள்லயே உயிருக்கு ஆபத்து. பேரு மெத்தோட்ரெக்ஸேட். புற்றுநோய்க்கும் இதுதான், மூட்டுவாதத்துக்கும் இதுதான். இந்த மருந்துக்குப் பாதை போட்டவர் நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சவர்.

2/
அவர் கதையையும், கீமோ மருந்து கொடுக்கும்போது நடந்த சில பெரிய தப்புகளையும், அதுக்கப்புறம் உலகம் என்ன பாதுகாப்பு ஏற்பாடு செஞ்சதுன்னும் இந்த த்ரெட்ல சொல்றேன். நீளமா இருக்கும். வீட்டுல யாராவது கீமோ எடுத்துக்கிட்டு இருந்தாலோ, மூட்டுவாதத்துக்கு வாராந்திர மாத்திரை போட்டுக்கிட்டு இருந்தாலோ தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிங்க.

3/
கதை ஒரு ஹார்பர்ல ஆரம்பிக்குது. ராயபுரம், காசிமேடு, எண்ணூர்க்காரங்களுக்கு ஹார்பர் பத்தி நான் சொல்லத் தேவையில்ல. கப்பல் வந்தா உள்ள என்ன சரக்கு இருக்குன்னு பேப்பர்ல இருக்கணும். அபாயமான சரக்குன்னா மேல லேபிள் இருக்கணும். அது இல்லாம ஒருத்தரும் தொட மாட்டாங்க. அந்த லேபிள் இல்லாமப் போனதால என்ன ஆச்சுன்னு பாருங்க.

4/
1943, டிசம்பர் 2. இரண்டாம் உலகப் போர். இத்தாலியில பாரி துறைமுகம். ராத்திரி ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டுச்சு. அங்க நின்ன அமெரிக்கக் கப்பல் 'ஜான் ஹார்வி'யில ரகசியமா மஸ்டர்டு வாயு குண்டுகள் ஏத்தியிருந்தாங்க. கப்பல் வெடிச்சு, அந்த விஷம் கடல்ல மிதந்த எண்ணெயோட கலந்துடுச்சு. சரக்கு என்னன்னு தெரிஞ்ச கப்பல் ஆட்கள் கப்பலோடவே போயிட்டாங்க.

5/
தண்ணியில குதிச்சுத் தப்பிச்சவங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாங்க. டாக்டர்களுக்கு விஷயம் தெரியாது. குளிர்லயும் அதிர்ச்சியிலயும் இருக்காங்கன்னு நினைச்சு, எண்ணெய்ல ஊறின துணியோடவே கம்பளி போர்த்திப் படுக்க வச்சாங்க. நல்லது செய்யறதா நினைச்சுத்தான் செஞ்சாங்க. துணியைக் கழட்டிக் குளிப்பாட்டியிருந்தா பல பேர் பிழைச்சிருப்பாங்க. 600 பேருக்கு மேல பாதிப்பு. 80 பேருக்கு மேல செத்தாங்க. அந்த ஊர் ஜனங்கள்ல எத்தனை பேர் போனாங்கன்னு சரியான கணக்கே இல்ல.

6/
ஸ்டூவர்ட் அலெக்சாண்டர்னு ஒரு ராணுவ டாக்டரை விசாரிக்க அனுப்பினாங்க. செத்தவங்க துறைமுகத்துல எந்த இடத்துல இருந்தாங்கன்னு வரைபடம் போட்டு, எந்தக் கப்பல்ல இருந்து விஷம் வந்ததுன்னு கண்டுபிடிச்சார். இன்னொண்ணையும் கவனிச்சார்: நோயாளிகளோட ரத்தத்துல வெள்ளை அணுக்கள் தடதடன்னு குறைஞ்சிருந்தது.

7/
அதுக்கு முந்தின வருஷமே, 1942-ல, அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல கில்மன், குட்மன்னு ரெண்டு பேர் இதே குடும்பத்தைச் சேர்ந்த நைட்ரஜன் மஸ்டர்டை ஒரு லிம்போமா நோயாளிக்கு ரகசியமாக் கொடுத்துப் பார்த்திருந்தாங்க. கட்டி சுருங்குச்சு. நல்ல வெள்ளை அணுவைக் கொல்ற விஷம், கெட்டுப்போன வெள்ளை அணுவையும் கொல்லும்ங்கிறதுதான் கணக்கு. கீமோவோட ஒரு கிளை இங்க இருந்து வருது. இன்னைக்கும் நாம கொடுக்கிற சைக்ளோபாஸ்பமைடு இந்த மஸ்டர்டு குடும்பம்தான். இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கங்க, திரும்ப வரும்.

8/
இன்னொரு கிளைதான் மெத்தோட்ரெக்ஸேட். அதுக்கு மெட்ராஸுக்கு வரணும்.

எல்லாப்பிரகடா சுப்பாராவ். 1895-ல பீமாவரத்துல பிறந்தார். அப்போ அது மெட்ராஸ் மாகாணம். மெட்ரிகுலேஷனை மூணாவது தடவைதான் பாஸ் பண்ணார், அதுவும் திருவல்லிக்கேணி இந்து ஹைஸ்கூல்ல படிச்சு. அப்புறம் பிரசிடென்சி காலேஜ், அதுக்கப்புறம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்.

9/
காந்தி அழைப்பைக் கேட்டு கதர் உடுத்த ஆரம்பிச்சார். சர்ஜரி பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கல. மத்த பாடமெல்லாம் நல்லா எழுதியும், எம்பிபிஎஸ் பட்டம் கிடைக்கல. அதுக்குக் கீழ இருந்த எல்.எம்.எஸ் சான்றிதழ்தான் கொடுத்தாங்க. என் பேருக்குப் பின்னாடி இருக்கிற அந்த எழுத்துகள் அவருக்கு மறுக்கப்பட்டது. இந்தக் கதையை எப்பப் படிச்சாலும் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

10/
மாகாண மருத்துவப் பணியில வேலை கிடைக்கல. மெட்ராஸ் ஆயுர்வேதக் கல்லூரியில அனாடமி சொல்லிக்கொடுத்தார். இதுக்கு நடுவுல அவர் அண்ணன் தம்பி ரெண்டு பேர் சில நாள் இடைவெளியில ஸ்ப்ரூங்கிற நோய்ல செத்தாங்க. ஓயாத பேதி, உடம்பு இளைச்சு, ரத்தம் வத்திப்போற நோய். இவரையும் அது பிடிச்சது, தப்பிச்சார். 1922-ல பாஸ்டனுக்குக் கப்பலேறிப் போனார். அங்க ஆஸ்பத்திரியில ராத்திரி வேலையா நோயாளிகளோட பெட்பேன் எடுத்துப் போட்டுக்கிட்டேதான் ஆராய்ச்சி பண்ணார்.

11/
இப்ப பம்பாய்க்கு வாங்க. 1928-ல லூசி வில்ஸ்னு ஒரு ஆங்கிலேய டாக்டரம்மா பஞ்சாலைத் தொழிலாளர் பெண்களைப் பார்க்கிறாங்க. கர்ப்பமான பெண்களுக்குக் கடுமையான ரத்தசோகை. ஈஸ்ட்டுல இருந்து செய்யற மார்மைட்டைக் கொடுத்தா சரியாகுது. அதுல இருந்த அந்தச் சத்துதான் பின்னாடி ஃபோலிக் ஆசிட்னு தெரிஞ்சது. இன்னைக்கு ஆஸ்பத்திரியில கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற மாத்திரையில இருக்கிறது அதேதான். நம்ம பெரம்பூர் பி அண்ட் சி மில் மாதிரியான ஒரு மில் லைன்ல ஆரம்பிச்ச கதை இது.

12/
சுப்பாராவ் 1940-ல லெடர்லி கம்பெனிக்குப் போய், அங்க ஆராய்ச்சித் தலைவரானார். அவரோட குழு 1945-ல ஃபோலிக் ஆசிடைச் செயற்கையாவே செஞ்சு காட்டுச்சு. ஸ்ப்ரூ நோய்க்கும் அது மருந்தாச்சு. ரெண்டு சகோதரர்களைக் கொண்டுபோன நோய்க்கு அவர் கையாலயே மருந்து.

13/
பாஸ்டன்ல சிட்னி ஃபார்பர்னு ஒரு டாக்டர். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளைப் பார்த்துக்கிட்டு இருந்தார். அந்தக் காலத்துல அந்தக் குழந்தைகள் சில வாரமோ சில மாசமோதான். சுப்பாராவ்கிட்ட இருந்து ஃபோலிக் ஆசிட் வகை மருந்தை வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். நோய் இன்னும் வேகமா வளர்ந்த மாதிரி இருந்தது. அப்போ ஃபார்பர் யோசிச்சார்: இந்தச் சத்தைச் சாப்பிட்டு புற்று வளருதுன்னா, இதைத் தடுக்கிற மருந்து புற்றைப் பட்டினி போடும்தானே?

14/
சுப்பாராவ் குழு அந்தத் தடுப்பு மருந்துகளைச் செஞ்சு அனுப்புச்சு. அதுல ஒண்ணு அமினோப்டெரின். 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததுல 10 பேருக்கு நோய் தணிஞ்சது. 1948 ஜூன்ல கட்டுரை வந்தது. குணமாகல, தற்காலிகமாத்தான் தணிஞ்சது. ஆனா அதுவரைக்கும் அதுகூட நடந்ததில்ல. அடுத்து வந்த, கொஞ்சம் பாதுகாப்பான தம்பி மருந்துதான் மெத்தோட்ரெக்ஸேட். அதே 1948 ஆகஸ்ட்ல சுப்பாராவ் இறந்துட்டார். வயசு 53.

15/
இங்க கொஞ்சம் நிறுத்தி ஒரு விஷயம். கீமோ ஏன் மத்த மருந்து மாதிரி கிடையாது?

பாராசிட்டமால் ஒண்ணுக்கு ரெண்டா போட்டா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. கீமோவுல வேலை செய்யற அளவுக்கும் கொல்ற அளவுக்கும் நடுவுல ரொம்பக் கம்மி இடம்தான். அதனாலதான் ஒவ்வொருத்தருக்கும் உயரம், எடை பார்த்து, உடம்போட பரப்பளவைக் கணக்கு பண்ணி, அதுக்கேத்த மில்லிகிராம் போடறோம். சில மருந்துக்குக் கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னும் பார்த்துத்தான் அளவு. ஒரு பெருக்கல், ஒரு புள்ளி, ஒரு நாள் தப்பினா போச்சு.

16/
அப்படித் தப்பின கதைகள்ல உலகத்தையே உலுக்கினது நடந்த இடம் எது தெரியுமா? அதே பாஸ்டன். ஃபார்பர் தொடங்கின, அவர் பேரையே தாங்கி நிக்கிற டானா-ஃபார்பர் கேன்சர் இன்ஸ்டிடியூட். உலகத்தோட தலைசிறந்த புற்றுநோய் ஆஸ்பத்திரிகள்ல ஒண்ணு.

17/
1994. பெட்சி லேமன், வயசு 39. பாஸ்டன் குளோப் பத்திரிகையில மருத்துவப் பத்தி எழுதினவர். ரெண்டு சின்னப் பெண் குழந்தைகள். கணவர் அதே ஆஸ்பத்திரியில விஞ்ஞானி. இதுக்கு மேல விவரமான நோயாளி கிடைக்க முடியாது. மார்பகப் புற்றுக்கு உயர் அளவு கீமோ. மருந்து: சைக்ளோபாஸ்பமைடு. ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே, பாரி துறைமுக விஷத்தோட வாரிசு.

18/
திட்டம் என்ன? உடம்புப் பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு 4,000 மில்லிகிராம், நாலு நாள்ல பிரிச்சுக் கொடுக்கணும். அதாவது ஒரு நாளைக்கு 1,000. கொடுத்தது என்ன? தினமும் 4,000, நாலு நாளும். நாலு மடங்கு. மொத்த அளவா, ஒரு நாள் அளவான்னு எழுதின விதத்துல தெளிவில்ல. டாக்டர், பார்மசிஸ்ட், நர்ஸ்னு பல பேர் கையைத் தாண்டிப் போயிருக்கு. ஒருத்தர் கண்ணுலயும் படல. ஆராய்ச்சி சிகிச்சைங்கிறதால பெரிய டோஸ்தான் இருக்கும்னு எல்லாருக்கும் பழகிப்போச்சு.

19/
ஏதோ சரியில்லன்னு பெட்சி லேமன் சொல்லியிருக்கார். கீமோன்னா இப்படித்தான் இருக்கும்னு எடுத்துக்கிட்டாங்க. 1994 டிசம்பர் 3-ல இறந்தார். அப்பவும் காரணம் தெரியல. 1995 பிப்ரவரியில ஆராய்ச்சிக்கான தகவல்களைச் சரிபார்த்த ஒரு ஊழியர்தான் அந்த எண்ணைப் பார்த்துத் திடுக்கிட்டார். இன்னொரு பெண்ணுக்கும் அதே மாதிரி நாலு மடங்கு போயிருந்ததும் அப்பதான் தெரிஞ்சது.

20/
பேப்பர்ல தலைப்புச் செய்தியாச்சு. அதுக்கப்புறம் அந்த ஆஸ்பத்திரி செஞ்சதுல முக்கியமானது: உச்ச அளவைத் தாண்டினா மருந்து உத்தரவையே ஏத்துக்காத கம்ப்யூட்டர் முறை. ஒரு நாள் அளவு எவ்வளவு, எத்தனை நாள்னு தனித்தனியா எழுதணும்ங்கிற விதி. அப்புறம், நோயாளிகளையும் குடும்பத்தாரையும் ஆஸ்பத்திரி குழுக்கள்ல உட்கார வச்சது. பெட்சி சொன்னதை யாராவது காது கொடுத்துக் கேட்டிருந்தாங்கன்னா? அந்தக் கேள்விக்கான பதில்தான் கடைசி ஏற்பாடு.

21/
1999-ல அமெரிக்காவுல ஒரு பெரிய அறிக்கை வந்தது. 'தவறுவது மனித இயல்பு'ன்னு அர்த்தம் வர்ற தலைப்பு. முதல் பக்கங்கள்லயே பெட்சி லேமன் பேர் இருக்கும். மருத்துவத் தவறுகளால அங்க ஆஸ்பத்திரிகள்ல வருஷத்துக்கு 44,000-லிருந்து 98,000 பேர் வரைக்கும் சாகறாங்கன்னு கணக்கு சொல்லிச்சு. மனுஷன் தப்பு பண்ணத்தான் செய்வான், அந்தத் தப்பு நோயாளியைப் போய்ச் சேராத மாதிரி வேலையை அமைங்கன்னு அது சொன்னதுதான் ரொம்ப முக்கியம்.

22/
இதுக்கு இன்னொரு உதாரணம், நம்ம வீட்டு வாசல்ல பூக்கிற செடி. நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லின்னும் சில ஊர்ல சொல்வாங்க. அதுல இருந்து எடுக்கிறதுதான் வின்கிரிஸ்டின். குழந்தைகள் ரத்தப் புற்றுல இது இல்லாம சிகிச்சையே இல்ல. நரம்பு வழியா, அதாவது சாதாரணமா டிரிப்ஸ் ஏத்தற ரத்தக்குழாய் வழியா கொடுத்தா உயிர் காக்கும். முதுகுத்தண்டுல போட்டுட்டா கிட்டத்தட்ட எப்பவுமே மரணம்தான்.

23/
பிரச்சினை என்னன்னா, அதே நோயாளிக்கு முதுகுத்தண்டுல போட வேண்டிய வேற கீமோ மருந்தும் இருக்கும். பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட்தான். ஒண்ணு நரம்புக்கு, ஒண்ணு முதுகுக்கு. ரெண்டும் சிரிஞ்சுல. ரெண்டும் ஒரே டிரேயில.

24/
2001 ஜனவரி, இங்கிலாந்துல நாட்டிங்ஹாம். வெய்ன் ஜோவெட், வயசு 18. ரத்தப் புற்று கட்டுப்பாட்டுல இருந்த பையன். ரெண்டு மருந்தும் ஒரே பையில வார்டுக்கு வந்துடுச்சு. ஜூனியர் டாக்டர் சிரிஞ்சுல இருந்த பேரைப் படிச்சு 'வின்கிரிஸ்டினா?'ன்னு கேட்டிருக்கார். முதுகுலயான்னும் கேட்டிருக்கார். சீனியர் ஆமான்னுட்டார். அவர் மனசுல மெத்தோட்ரெக்ஸேட் இருந்தது. காதுல விழுந்தது ஒண்ணு, மனசு எடுத்துக்கிட்டது ஒண்ணு. பையன் ஒரு மாசத்துல இறந்துட்டான்.

25/
அந்த சீனியர் டாக்டருக்குச் சிறைத் தண்டனை கிடைச்சது. ஆனா இதே தப்பு அந்த நாட்டுல அதுக்கு முந்தி பத்து தடவைக்கு மேல, வேற வேற ஆஸ்பத்திரியில, வேற வேற டாக்டர் கையில நடந்திருந்தது. ஆளை மாத்தினா தப்பு நிக்கும்னா முதல் தடவையோடயே நின்னிருக்கணும்ல?

26/
பதில் ரொம்ப எளிமையா வந்தது. வின்கிரிஸ்டினை சிரிஞ்சுலயே எடுக்காதீங்க, சின்ன சலைன் பையில கலந்து டிரிப்ஸா ஏத்துங்க. உலக சுகாதார நிறுவனம் 2007-ல இதை எல்லா நாட்டுக்கும் எச்சரிக்கையா அனுப்புச்சு. ஒரு முழுப் பை திரவத்தை யாரும் முதுகுத்தண்டுல ஏத்த மாட்டாங்க. கை போனாலும் நின்னுடும்.

27/
எண்ணூர் லேலண்டு பக்கமோ, திருவொற்றியூர் கம்பெனிகள்லயோ பிரஸ் மெஷின்ல வேலை பார்த்தவங்களுக்கு இது உடனே புரியும். ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை அமுக்கினாத்தான் பிரஸ் இறங்கும். ஏன்? கை உள்ள இருக்கும்போது இறங்கக் கூடாதுன்னு. 'ஜாக்கிரதையா வேலை பாரு'ன்னு போர்டு மாட்டி வைக்கறதை விட அந்த ரெண்டு பட்டன் எத்தனை விரலைக் காப்பாத்தியிருக்கும்! மணலி ரிஃபைனரியில பர்மிட் கையெழுத்தாகாம, பூட்டு போட்டு டேக் மாட்டாம ஒரு வால்வைத் தொட விட மாட்டாங்கல்ல? அந்தப் பையும் அப்படி ஒரு பூட்டுதான்.

28/
சரி, நம்ம ஊர் அரசு ஆஸ்பத்திரிக்கு வருவோம். கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னு ஸ்டான்லியை இன்னமும் கூப்பிடற பெரியவங்க இதைப் படிக்கிறீங்கன்னா உங்களுக்கே தெரியும், எங்கேயும் கூட்டம் கூட்டம்தான். அந்தக் கூட்டத்துலதான் நர்ஸ் சிஸ்டர் இன்னொரு சிஸ்டரைக் கூப்பிட்டு, மருந்து பேரு, அளவு, ஆள் பேரு எல்லாத்தையும் சத்தமாப் படிச்சு சரிபார்க்கணும். அதுக்கு ரெண்டு நிமிஷம் ஆகும். அப்போ 'எவ்ளோ நேரம் சிஸ்டர்'னு பின்னாடியிருந்து நாலு பேர் கேப்பாங்க. உங்ககிட்ட என் வேண்டுதல்: அந்த ரெண்டு நிமிஷம் அவங்களைக் கூப்பிடாதீங்க. பாரியில, பாஸ்டன்ல, நாட்டிங்ஹாம்ல இல்லாமப் போனது அதுதான்.

29/
அரசு தரப்புக்கும் ஒரு வேண்டுதல். கீமோ கலக்கறதுக்குத் தனி இடம், அதுக்குன்னு பயிற்சி பெற்ற பார்மசிஸ்ட், அளவு தாண்டினா நிறுத்தற கம்ப்யூட்டர், இதெல்லாம் கட்டடத்தைப் போல கண்ணுக்குத் தெரியற செலவு இல்ல. ரிப்பன் வெட்ட முடியாது. ஆனா ஒரு சிஸ்டர் எத்தனை படுக்கையைப் பார்க்கறாங்கங்கிறதுலதான் பாதுகாப்பு இருக்கு. 'கவனமா இருங்க'ன்னு சுற்றறிக்கை அனுப்பி இதை ஈடுகட்ட முடியாது.

30/
இப்ப அந்த மஞ்சள் மாத்திரைக்குத் திரும்புவோம். மெத்தோட்ரெக்ஸேட்டை மூட்டுவாதத்துக்கு அமெரிக்காவுல 1988-ல அனுமதிச்சாங்க. குறைஞ்ச அளவு, வாரத்துக்கு ஒரு தடவை. நல்ல மருந்து, பல லட்சம் பேரை நடக்க வச்ச மருந்து. ஆனா அதோட கீமோ மருந்து வார்டைத் தாண்டி நம்ம வீட்டு மாத்திரை டப்பாவுக்குள்ள வந்துடுச்சு. இங்க ரெண்டாவது சிஸ்டர் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது.

31/
நமக்கு மாத்திரைன்னாலே தினமும்தான். சுகர் மாத்திரை தினமும், பிரஷர் மாத்திரை தினமும். வாரம் ஒரு தடவைங்கிறது பழக்கத்துலயே இல்ல. கூடவே கொடுக்கிற ஃபோலிக் ஆசிடும் பெரும்பாலும் மஞ்சள், இதுவும் மஞ்சள். தினமும் போட்டு எலும்பு மஜ்ஜை ஓய்ஞ்சு, வாயெல்லாம் புண்ணாகி இறந்தவங்க உலகம் முழுக்க இருக்காங்க. 2019-ல ஐரோப்பிய மருந்து முகமையே புது விதி போட வேண்டி வந்தது: பாட்டில்ல அள்ளிக் கொடுக்கக் கூடாது, அட்டையிலதான் கொடுக்கணும், 'வாரத்துக்கு ஒரு முறை'ன்னு மேலயே எழுதியிருக்கணும்.

32/
நம்ம வீட்டுல என்ன செய்யலாம்? கீழ இருக்கிறதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க.

ஒண்ணு: கிழமையை முடிவு பண்ணுங்க, மறக்கவே முடியாத கிழமையா. வடிவுடையம்மன் கோயிலுக்குப் போறவங்க வெள்ளி, ஜும்மாவுக்குப் போறவங்களும் வெள்ளி, ராயப்பர் கோயில் பூசைக்குப் போறவங்க ஞாயிறு. திங்கள் மட்டும் வேணாம். அவசரத்துல 'தி'ன்னு எழுதினா 'தினமும்'னு படிச்சிடுவாங்க. இங்கிலீஷ்லயும் இதே கதைதான், மண்டேயை மார்னிங்னு படிச்சிருக்காங்க.

33/
ரெண்டு: அட்டை மேல மார்க்கர்ல கிழமையைத் தமிழ்ல எழுதுங்க. தினசரி மாத்திரை டப்பாவுல இதைப் போடாதீங்க, தனி டப்பா.

மூணு: எத்தனை மாத்திரைன்னு மட்டும் ஞாபகம் வைக்காதீங்க, எத்தனை மில்லிகிராம்னும் பாருங்க. இது 2.5-லயும் வருது, 5, 7.5, 10-லயும் வருது. போன மாசம் 2.5 அட்டையில மூணு போட்டவங்க, இந்த மாசம் கடைக்காரர் 7.5 அட்டை கொடுத்தா அதுலயும் மூணு போட்டுடுவாங்க. மூணு மடங்கு.

34/
நாலு: சளி, யூரின் எரிச்சல், மூட்டு வலின்னு மெடிக்கல் ஷாப்ல நீங்களா மருந்து வாங்காதீங்க. கோட்ரைமாக்சசோல்ங்கிற ஆன்டிபயாட்டிக்கும் இதுவும் சேர்ந்தா ரொம்ப ஆபத்து. வலி மாத்திரையும் கேட்டுட்டுத்தான்.

அஞ்சு: வாய்ப்புண், காய்ச்சல், ஈறுல ரத்தம், உடம்புல ஊதாத் திட்டு, மூச்சு வாங்கறது: இதுல ஒண்ணு வந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி. அட்டையைக் கையில எடுத்துக்கிட்டு வாங்க. சீக்கிரம் வந்தா மாத்து மருந்து இருக்கு, ஃபோலினிக் ஆசிட். கர்ப்பமா இருக்கிறவங்களுக்கும், குழந்தைக்குத் திட்டமிடறவங்களுக்கும் இந்த மருந்து கூடவே கூடாது, முன்கூட்டியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

35/
ஆஸ்பத்திரியில கீமோ எடுக்கிறவங்களுக்கு:

ஒரு நோட்டு போடுங்க. நோய் என்ன, மருந்து பேரு, எத்தனையாவது சுத்து, இன்னைக்கு எத்தனையாவது நாள், உயரம், எடை. ஒவ்வொரு தடவையும் எடை பார்க்கச் சொல்லிக் கேளுங்க. மூணு மாசத்துல பத்து கிலோ இளைச்சவங்களுக்குப் பழைய அளவு கூடுதலாயிடும்.

'லட்சுமியா?'ன்னு கேட்டா தலையாட்டாதீங்க. முழுப் பேரு, வயசு, எந்த ஊர்னு நீங்களே வாயால சொல்லுங்க. ஒரே நாள்ல மூணு லட்சுமி வருவாங்க.

36/
மருந்து ஏறும்போது ஊசி இடத்துல எரிஞ்சா, வீங்கினா உடனே சொல்லுங்க, பொறுத்துக்காதீங்க. சில மருந்து வெளிய கசிஞ்சா சதையே அழுகிடும். போன தடவை சிவப்பு மருந்து, இந்தத் தடவை வெள்ளையா இருக்கேன்னு தோணுச்சுன்னா கேளுங்க. மாத்தியிருப்பாங்க, அப்படின்னா காரணம் சொல்லுவாங்க. கேக்கறதால எந்த நல்ல டாக்டருக்கும் கோவம் வராது. வந்தாலும் பரவாயில்ல, கேளுங்க. பெட்சி லேமன் பெரிய பத்திரிகைக்காரர், அவர் சொன்னதே காதுல விழல. அதனால ஒரு தடவை கேட்டு விடாதீங்க, ரெண்டு தடவை கேளுங்க, கூட வந்தவங்களும் கேளுங்க.

37/
முக்கியமா, இதைப் படிச்சுட்டு பயந்து மருந்தை நிறுத்திடாதீங்க. 1947-ல ரத்தப் புற்று வந்த குழந்தைக்கு மாசக்கணக்குல ஆயுசு. இன்னைக்கு நல்ல சிகிச்சை கிடைச்சா பெரும்பாலான குழந்தைகள் குணமாகிப் பள்ளிக்கூடம் போறாங்க. அதுல மெத்தோட்ரெக்ஸேட்டும் இருக்கு, நித்தியகல்யாணியும் இருக்கு. மருந்து சரிதான். அளவும் நாளும் சரியா இருக்கணும், அவ்வளவுதான்.

38/
சுப்பாராவுக்கு 1995-ல இந்திய அரசு தபால்தலை போட்டுச்சு. சென்ட்ரல் ஸ்டேஷன் எதிர்ல அவர் படிச்ச காலேஜைத் தாண்டி தினம் ஆயிரக்கணக்குல ஜனங்க போறோம், பேரு கேட்டா தெரியாது. அவருக்கு நாம செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. இன்னைக்குச் சாயந்திரம் வீட்டுல அம்மா, அத்தை, பக்கத்து வீட்டு ஆயா யார்கிட்டயாவது அந்த மஞ்சள் அட்டை இருக்கான்னு பாருங்க. இருந்தா எந்தக் கிழமைன்னு கேளுங்க. 'தினமும்தான்'னு பதில் வந்தா, அடுத்த மாத்திரையைப் போட விடாம உடனே கூட்டிக்கிட்டு வாங்க.